வழுக்கையாற்றில் முள்ளந்தண்டிலிகளைச் சேகரிக்க எந்த முறை பொருந்தும்?

கேள்வி – மாரிமழை

விலங்கியல் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றின் அடியில் வாழும் முள்ளந்தண்டிலிகளை இந்த மாரியில் ஆராய எண்ணியுள்ளேன். வலையை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அதன் முன்னாலுள்ள கற்களை மூன்று நிமிடம் காலால் கிளறும் முறையையே கைந்நூல்கள் முதலில் கூறுகின்றன. ஆனால் அராலியில் கடனீரேரியைச் சேரும் நமது ஆற்றில் பெரும்பாலும் சேறுதான். பல இடங்களில் ஓட்டமே தெரிவதில்லை. சதுரச் சட்டகத்தோடு வலை பொருத்திய சேர்பர் சட்டகத்தைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி – ஊசித்தும்பி

சேர்பர் சட்டகம் இங்கு உதவாது. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் சதுரத்துள் கிளறப்படும் உயிரிகளை ஓட்டம்தான் வலைக்குள் தள்ள வேண்டும்; ஓட்டம் இல்லாவிட்டால் அவை அங்கேயே மீண்டும் படிந்துவிடும். அரை மில்லிமீற்றர் கண்ணுள்ள கைவலையால் கரையோரப் புற்களையும் நீர்த்தாவர வேர்களையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு நேரம் வாரி எடுங்கள். நடுச்சேற்றுக்கு, வாய் மூடிச் சேற்றை அள்ளும் பெட்டியான எக்மன் அள்ளி நல்லது. ஆனால் ஒரு சுள்ளி அதன் வாயில் சிக்கினாலும் சேறு வழிந்துவிடும் என்பதால், அவ்வாறு வந்ததைக் கொட்டிவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும்.

அள்ளியதை வெள்ளைத் தட்டில் சிறிது நீரோடு விட்டுப் பொறுமையாகப் பாருங்கள். சிவப்புக் கைரொனொமிட் (நுளம்பு போன்ற, கடிக்காத பூச்சி) குடம்பிகள் நெளிந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும். தும்பிக் குடம்பியோ சேறு பூசியபடி அசையாமல் கிடந்து, தட்டைச் சரித்தால்தான் கால் எடுத்து வைக்கும். அது மற்றவற்றைத் தின்றுவிடும் என்பதால் தாமதியாமல் 70 வீத எதனோலில் இடுங்கள். மாதிரியின் நீர் எதனோலை ஐதாக்கிவிடும். மறுநாள் மாற்றுவது அவசியம்.

மறுமொழி – குளக்கட்டு

கருவியை விடக் காலமே இங்கு முக்கியம் என்பது என் கருத்து. கோடையில் வற்றிக் கிடக்கும் ஆற்றில், நீர் வந்த முதல் வாரங்களில் கிடைப்பவை, வறட்சியைத் தாங்கிச் சேற்றில் கிடந்தவையும் அயற்குளங்களிலிருந்து பறந்து வந்து முட்டையிட்டவற்றின் குஞ்சுகளுமே. ஆகவே ஒரே இடங்களில் மாரி முடியும்வரை இடைவெளிவிட்டு மாதிரி எடுங்கள். அருகிலுள்ள ஒரு குளத்தையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அராலித் தடுப்பணைப் பக்கம் உவர்த்தன்மையால் இனங்கள் மாறலாம் என்பதால், நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் ஒவ்வொரு முறையும் அளந்து குறியுங்கள்.

மாரிமழை

மிக்க நன்றி. கிடைக்கும் முள்ளந்தண்டிலிக் குடும்பங்களுக்குப் புள்ளியிடும் பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண்ணைக் கொண்டு நீரின் தரத்தைக் கூறலாமா?

மறுமொழி – ஊசித்தும்பி

அந்த மதிப்பெண் பிரித்தானிய ஆறுகளுக்காக வகுக்கப்பட்டது. குளிர்ந்த, ஒட்சிசன் மிகுந்த கல்லாறுகளுக்குரிய குடும்பங்கள் பலவற்றுக்கு 10 புள்ளியும், கைரொனொமிட்டுகளுக்கு 2 புள்ளியும் அது தருகிறது. ஈமோகுளோபின் உள்ள சிவப்புக் குடம்பிகள் ஒட்சிசன் குறைந்த வெதுவெதுப்பான சேற்றில் இயல்பாகவே பெருகுபவை. ஆகவே மாசில்லாத இடத்துக்கும் இங்கு குறைந்த மதிப்பெண்ணே கிடைக்கக்கூடும். குடும்பங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் விகிதங்களையும் இடத்துக்கிடம் ஒப்பிடுங்கள். ஆனால் கைவலை மாதிரியை எக்மன் மாதிரியோடு ஒப்பிட வேண்டாம்.

மறுமொழி – குளக்கட்டு

இன்னொன்று: வயலோர நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. முழங்கால்வரை நீளும் இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள். காலில் புண் இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.