பூட்டுக்குள்ளேயே சாவி உடைந்துபோன அனுபவம் உண்டா? உங்கள் கதையையும் எழுதுங்கள்

மலைக்கோட்டை_பையன்:

மூன்று வருடம் ஆகிவிட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவின் முதல் வருஷத் திதி. சென்னையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்குக் கிளம்பினோம், மனைவியும் நாலு வயசுப் பையனும் பின்சீட்டில் தூக்கம். விக்கிரவாண்டி டோல் தாண்டி ஒரு டீக்கடையில் ஓரம் கட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சாவி திரும்பவே இல்லை. மணி பதினொன்றரை. காலையில் ஐயர் ஏழு மணிக்கு வருகிறார் என்ற நினைப்பிலேயே இருந்தவன், இரண்டு விரல் போதாமல் முழுக்கையையும் கொடுத்துத் திருகினேன்.

டக். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஆனால் கையில் திடீரென்று கனமே இல்லை. சாவியின் தலை மட்டும் உள்ளங்கையில் கிடக்கிறது, தண்டு இக்னிஷனுக்குள் இருக்கிறது, ஒரு அரிசி அளவுக்குத்தான் வெளியே தெரிகிறது. மாற்றுச் சாவி சென்னையில் பீரோவில்.

பக்கத்தில் முட்டை லாரி ஒன்று, டி.என். 28, நாமக்கல் வண்டி, காலி அட்டைகள் அடுக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் அண்ணன் நான் தலையில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சாவியைத் தொடவே இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். "ஸ்டீரிங் லாக் விழுந்திருக்கு தம்பி. சக்கரத்தைத் திருப்பி வச்சுட்டு எறங்கியிருக்கீங்க. அதை லேசா அசைச்சா சாவி தானா திரும்பும். சாவியைப் போய் ஏன் வதைச்சீங்க?"

வதைச்சீங்க. அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் போகவில்லை. ஒன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது.

லாரியிலிருந்து நோஸ் பிளையர் எடுத்துவந்து அந்த அரிசி அளவு நுனியைப் பிடித்தார். என்னிடம் சாவித் தலையை இக்னிஷனை ஒட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், வண்டி தன் சாவியை அடையாளம் கண்டுகொள்ளும் சிப் அதில்தானே இருக்கிறது. இடக்கையால் ஸ்டீரிங்கை அசைத்துக்கொண்டே வலக்கையால் மெதுவாகத் திருப்ப, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. "வீடு போற வரைக்கும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றார். பின்னால் திரும்பி மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் லாரி கிளம்பிவிட்டது. பேர் கேட்கவில்லை. ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.

நொய்யல்_கரை:

எனக்கு டிக்கியில். தங்கை கல்யாணம், மண்டபம் பொள்ளாச்சி ரோட்டில், முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. கூரைப்புடவை டிக்கியில் இருக்கிறது. டிக்கிக் கதவைத் தூக்க எல்லாரும் என்ன செய்வோம், சாவியைத் திருப்பிவிட்டு அந்தச் சாவியையே பிடித்து மேலே இழுப்போம். பத்து வருடம் அப்படி இழுத்த சாவி அன்றைக்குப் பார்த்து மடங்கி உடைந்தது. கடைசியில் பின்சீட்டை மடக்கி, அத்தை பையனை உள்ளே அனுப்பி, அவன் இருட்டில் துழாவிப் பையை இழுத்துக் கொடுத்தான். அந்த அஞ்சு நிமிடம் தங்கை மணப்பெண் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. அன்றிலிருந்து டிக்கிச் சாவியைத் திருப்புவதோடு சரி, தூக்குவது கதவின் விளிம்பைப் பிடித்துத்தான்.

பழைய_மாருதி:

இதற்குப் போய் ஏன் இவ்வளவு கவலை. எனக்கு டிரைவர் கதவில் உடைந்தது. தீக்குச்சி முனையில் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து, உடைந்த துண்டின் மேல் அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து இழுத்தேன், முழுசாக வந்துவிட்டது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பூட்டுக்காரர்_மகன்:

பழைய_மாருதி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். உங்களுக்கு வந்தது அதிர்ஷ்டம். எங்கள் குடும்பம் திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாகப் பூட்டு வேலை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா அந்தச் செய்தித்தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார், ஆனால் மாங்காய்ப் பூட்டுக்கு ஆர்டர் குறைந்துவிட்டதால் நான் கார் சாவிக்கு வந்துவிட்டேன். நான் கண்ணால் பார்த்தது ஒன்று: ஒரு பெரியவர் இக்னிஷனில் பசை ஊற்றிவிட்டு வந்தார். மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகும் அவசரத்தில் செய்திருக்கிறார். உடைந்த துண்டு மட்டும் என்றால் பத்து நிமிட வேலை. பசையால், சாவி நுழைந்து சுற்றும் பேரல் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டி வந்தது. நான் கழற்றும்போது அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து "நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கார் பூட்டுக்குள் வீட்டுப் பூட்டு போலக் குண்டூசி கிடையாது, சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிங். சாவியின் பள்ளங்கள் அந்தத் தகடுகளைச் சரியான மட்டத்தில் நிறுத்தினால்தான் பேரல் சுற்றும். பசை ஒரு சொட்டு ஒழுகினாலும் தகடு ஒட்டிவிடும், அதற்குப் பிறகு நல்ல சாவி போட்டாலும் திரும்பாது.

முதலில் பார்க்க வேண்டியது, துவாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. சாவியை வழக்கமாக நுழைப்பீர்களே, அந்த நேர்நிலைக்கு வந்திருந்தால்தான் துண்டு வெளியே வரும். பாதி திரும்பி நின்றிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது, தகடுகள் பிடித்துக்கொண்டிருக்கும். தட்டையான ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்றது. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நோஸ் பிளையர். உள்ளே போய்விட்டால் மரத்தில் பூவேலை செய்பவர்கள் வைத்திருக்கும் நூல் மாதிரி மெல்லிய ரம்ப பிளேடு. அதன் பல் வெளியே இழுக்கும்போது மாட்டுகிற மாதிரி, சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, லேசாகத் திருகி இழுக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று பலர் வருவார்கள். பெரும்பாலான சாவி பித்தளை, மேலே நிக்கல் பூச்சு, காந்தம் அதை வெளியே இழுக்காது. எந்தக் காரணத்துக்காகவும் மாற்றுச் சாவியை வைத்து உள்ளே தள்ளாதீர்கள், துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

பூட்டு இறுகாமல் இருக்கச் சமையல் எண்ணெய், கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து வைக்கும். பென்சில் கரியைச் சுரண்டித் தூளாகப் போட்டாலே போதும். அப்புறம் உடைந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். சேர்த்து வைத்து அளவெடுத்துப் புதுச் சாவி வெட்டலாம். தேய்ந்த சாவியிலிருந்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்து வரும், அதனால் வாங்கும்போதே கிடைத்த இரண்டாவது சாவியைப் புழங்காமல் வைத்திருந்து அதிலிருந்து எடுங்கள்.

முதலில் எழுதிய தம்பிக்கு: அந்த லாரிக்காரர் துண்டை வெளியே இழுக்காமல் விட்டாரே, அதுதான் சரி. துண்டு முழுசாக உள்ளே இருந்ததால்தான் தகடுகள் சரியான மட்டத்தில் நின்று பேரல் சுற்றியது.

பழைய_மாருதி:

அண்ணா, எனக்குத் துண்டு மூன்று மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பசை உள்ளே போக வழியில்லை. அதை நான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் நான் சொன்னது பொய் இல்லை, எனக்கு நடந்ததைத்தான் சொன்னேன்.

பூட்டுக்காரர்_மகன்:

பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பிளையரே போதும், பசை எதற்கு?

நல்லூரான்:

எங்கட பக்கம் சாவியைத் திறப்பு என்போம். அப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் பெற்றோல் இல்லாத காலம், கார்பரேட்டருக்குள் நாலைந்து சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். 1995 ஒக்டோபர் 30, இரவு, எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்தாயிற்று. மழை. அம்மம்மாவை முன் இருக்கையில் இருத்தியாயிற்று, பின்னால் நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் பாத்திரங்களும். அப்பா திறப்பைப் போட்டுத் திருப்பினார், முறிந்து போனது. மழைக்கு நனைந்த கை, அவசரம், பழைய திறப்பு.

அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. முறிந்த தலைப்பாகத்தைச் சேர்ட் பொக்கெற்றுக்குள் போட்டார். போட்டுவிட்டு டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, சுவிச்சுக்குப் பின்னால் இரண்டு வயரைப் பிடுங்கி ஒன்றாக முறுக்கினார். அந்தக் காரில் திறப்பு சுவிச்சுக்கு மட்டும்தான், ஸ்டார்ட்டருக்குத் தனியே இழுக்கிற குமிழ் இருக்கும், அதனால் தப்பினோம். சனத்துக்குள் நடை வேகத்தில்தான் போகலாம், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. வழியில் நின்றால் திரும்பவும் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் இல்லை, அதனால் சாவகச்சேரி வரைக்கும் அப்பா அதை நிற்க விடவில்லை. வீட்டுத் திறப்புக் கோர்வையும் அதே பொக்கெற்றுக்குள் தான் இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது கூரை இல்லை, பூட்ட ஒரு கதவும் இல்லை. அந்த முறிந்த பாதி இப்பவும் அம்மாவின் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

பூட்டுக்காரர்_மகன்:

நல்லூரான் ஐயா, அந்தப் பாதியின் தலையில் எண் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்ச் சாவிகளில் எண் இருக்கும், அதை வைத்தே முழுச் சாவி வெட்டிவிடலாம். நான் வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா:

பிளையர், ரம்பம், பென்சில் கரி எல்லாம் சரி, ஆனால் உள்ளே குழந்தை இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

சென்னை, அக்னி நட்சத்திரம், மதியம் ஒரு மணி. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளைச் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, லாக் பண்ணி, சாமான் தள்ளுவண்டியைக் கடை வாசலில் விட்டு வர ஒரு நிமிஷம்தானே என்று போனேன். திரும்பி வந்தால் ரிமோட் வேலை செய்யவில்லை, பேட்டரி போய்விட்டது. சாவியைக் கதவில் போட்டேன். ரிமோட் இருப்பதால் அந்தக் கதவுப் பூட்டை வருடக்கணக்கில் யாரும் தொட்டதில்லை, துரு பிடித்து இறுகிக் கிடந்தது. திருகினேன். உடைந்தது. துண்டை எடுக்க ஹேர்பின்னை வைத்துக் குடைந்தேன், அது மூன்று நிமிடமா நான்கு நிமிடமா தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டாள். முடியெல்லாம் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகையை நிறுத்தியதுதான் என்னை இன்றைக்கும் தூங்க விடுவதில்லை.

எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் ஓடிவந்து, என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு, அரிவாளின் பின்பக்கத்தால் குழந்தைக்கு எதிர்ப்புற முன்கதவுக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கண்ணாடி கற்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. அவளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இளநீர் வெட்டி அவர் கையாலேயே அவள் உதட்டில் வைத்தார்.

இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கதவுக் கண்ணாடியைத்தான் உடைக்க வேண்டும், அதன் நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்க வேண்டும், குழந்தையிலிருந்து தள்ளி இருக்கும் பக்கமாக. டிரைவருக்கு எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் அடிக்காதீர்கள், அதற்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. ஆள் உதவிக்கு வரும் வரை, சாவிக்காரர் வரும் வரை என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் மூடின காருக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். யாரையாவது 108க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் கண்ணாடியை உடையுங்கள். மாதம் ஒரு முறையாவது ரிமோட்டை விட்டுவிட்டு, சாவியைக் கதவில் போட்டுத் திறந்து பழகுங்கள், அப்போதுதான் பூட்டு இறுகாமல் இருக்கும்.

நொய்யல்_கரை:

அக்கா, படித்து முடிக்கும் வரை மூச்சு விடவில்லை. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

இரண்டு_பிள்ளை_அம்மா:

இரண்டாம் வகுப்பு. இளநீர் என்றால் உயிர்.

ராத்திரி_டிரைவர்:

கால் டாக்ஸி ஓட்டுகிறேன். பொத்தானை அழுத்தினால் மடங்கியிருக்கும் தண்டு வெளியே வருமே, அந்த ஃபிளிப் சாவி எனக்கு உடைந்தது, தண்டைப் பிடித்திருக்கும் குட்டி ஊசி கழன்றதுதான் காரணம். கூடு மட்டும் மாற்றினால் போதும், தண்டும் சிப்பும் பழையதே. கூடு மாற்றும்போது அந்தச் சிப்பைத் தொலைத்துவிடாதீர்கள், அரிசியை விடக் கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும். உடைந்த ஒரிஜினல் சாவியையும் எறிய வேண்டாம், வண்டி திருடு போனால் இன்சூரன்ஸில் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள். என் நண்பன் ஒன்றை எறிந்துவிட்டு எட்டு மாதம் அலைந்தான்.

பழைய_மாருதி:

முதலில் எழுதியவர், திருச்சி போய்ச் சேர்ந்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

மலைக்கோட்டை_பையன்:

சேர்ந்தோம். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை, பையன் பாத்ரூம் என்றபோது கூட எஞ்சினை ஓடவிட்டு மனைவிதான் இறங்கிக் கூட்டிப்போனாள். வாசலில் நிறுத்திய பிறகும் ஆஃப் பண்ணப் பயமாக இருந்தது, பக்கத்து வீட்டு மாமாவிடம் பிளையர் வாங்கி வந்துதான் ஆஃப் பண்ணினேன். மறுநாள் சாவிக்காரர் ஒருவர் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துப் புதுசு வெட்டி, சிப்பை அதற்குள் வைத்துக் கொடுத்தார்.

போன மாதம் அதே டீக்கடையில் நிறுத்தி விசாரித்தேன். டீ மாஸ்டர், "டி.என். 28 ஒரு ராத்திரிக்கு எத்தனையோ வரும் சார், யாருன்னு சொல்றது" என்றார். நாமக்கல் பக்கம் முட்டை லோடு அடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், டிசம்பர் மாத ராத்திரி, வெள்ளைக் கார், பின்சீட்டில் தூங்கிய பையன், இதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த அண்ணன் கிடைத்தால், ஐயர் வருவதற்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.