தேநீர் கொடுத்தால்தான் கல்யாணம்

பினாங்கில் என்னோடு வேலை செய்யும் தோழி ஹொக்கியன் மொழி பேசும் சீனர். பதிவுத் திருமணம் முடிந்து பல மாதங்கள் ஆகியும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மலேசியாவில் 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களில் பெரும்பாலோரின் கல்யாணத்துக்கு ஒரே சட்டம், பதிவு கட்டாயம். வழக்கத்தின் பெயரில் இரண்டாம் மனைவி கட்டுவதும் அதோடு செல்லாமல் போனது. நல்ல காரியம். ஆனாலும் சீனர் வீடுகளில் தேநீர்ச் சடங்கு நடந்த பிறகுதான் மருமகள். இங்கே நம்மவர்களும் பதிவு செய்துவிட்டு, தாலி கட்டும் நாளுக்குக் காத்திருப்பவர்கள்தானே!

முதல்நாள் இரவு தலை வாரினார்கள். கணவரும் பிள்ளைகளும் நலமாக இருக்கும் பெண்மணிதான் சீப்பை எடுக்கலாம். ஒவ்வொரு முறை வாரும்போதும் ஒரு வாழ்த்து.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் தேநீர். லோங்கன் பழமும் சிவப்பு இலந்தையும் போட்டு இனிப்பாக இருந்தது. பெரியவர்கள் முறைப்படி ஜோடி ஜோடியாக வந்து உட்கார, மணமக்கள் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார்கள். வெறுமனே நீட்டினால் போதாது, முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். பாட்டி அ மா, அப்பாவின் அண்ணன் அ பே, தம்பி அ செக், அம்மாவின் சகோதரர் அ கூ. பெரியப்பாவைச் சித்தப்பா முறையில் கூப்பிட்டுவிடக் கூடாது என்று தோழி முந்தின வாரம் முழுக்க மனப்பாடம் செய்தாள். கூப்பிட்டதும் பெரியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு அங்பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை, கொடுத்தார்கள். மாமியார் அங்கேயே தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டார். அப்புறம் முறை மாறியது. வயதில் சின்னவர்கள் மணமக்களுக்குத் தேநீர் கொடுத்து அங்பாவ் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு நெருக்கமாகப் பட்டது தாய்மாமனுக்குக் கிடைத்த மரியாதைதான். 'வானத்தில் வானக்கடவுள், பூமியில் தாய்மாமன்' என்று ஹொக்கியனில் ஒரு பழமொழியே உண்டு. இரவு விருந்தில் தலைமை இடம் அவருக்கு. அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். காதுகுத்துக்கு மாமன் மடி தேடும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்படி அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். சிவப்பு உறையில் இரட்டைப்படைத் தொகை வையுங்கள், நான்கு மட்டும் வேண்டாம். கறுப்பு உடையும் வேண்டாம். விருந்து தாமதமாகத்தான் தொடங்கும்; லேசாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.