பள்ளிச் செய்தி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை உங்கள் அனுபவங்கள்

வகுப்பாசிரியர், திண்டுக்கல் பக்கம்:

அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இந்த வருடம் பிளஸ் டூ வகுப்பாசிரியர். சென்ற மாதம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு உங்கள் அனுபவத்தையும் கேட்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் 41 பிள்ளைகள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 41 எண்களும் இருக்கின்றன. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் காலை சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு, செய்முறை ரெக்கார்ட் நோட்டை எப்போது முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும், திருப்புதல் தேர்வு என்றைக்கு என்று எல்லாவற்றையும் நீளமாகத் தட்டிப் போட்டேன். பெரும்பாலோர் பார்த்துவிட்டதாகக் காட்டியது. சரி, சொல்லியாயிற்று என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஜனவரியில் ஒரு பிள்ளை தொடர்ந்து 6 நாள் வரவில்லை. குழுவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது அவளுடைய அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் டீச்சர் வருது. ஷிஃப்ட்ல இருக்கும்போது திறந்து பாத்துட்டு விட்டுடுவேன். அம்மாகிட்ட பட்டன் போன்தான்" என்றான்.

அம்மாவின் எண்ணை அவனிடம் வாங்கிப் பேசினேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. "உங்களுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு டீச்சர். எந்த நம்பருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அந்தக் குடும்பத்துக்கு மாதக்கணக்காகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வழியே வைக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த நம்பர் உள்ள போன் ராத்திரி யார் பக்கத்துல இருக்கும்?" அம்மாவின் பக்கத்தில் இருப்பது 41இல் 13 மட்டும். மற்றவை வெளியூர் அண்ணன், லாரியில் போகும் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா. எமிஸ் என்ற மாணவர் விவரத் தளத்தில் பதிவதற்காக ஓடிபி வாங்கிச் சரிபார்த்த எண்கள்தான் எல்லாம். எண் சரி, போன் இருக்கும் இடம்தான் வேறு.

அதற்குப் பிறகு இரவு எட்டு மணிக்கு மேல் தினம் 3 வீட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரு அம்மா சொன்னார், "பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, அது 30 ஆச்சு. இன்னும் 5 எடுத்தா பாஸ்தானே டீச்சர்? அவ எடுத்துடுவா." அவர் கூட்டிய கணக்கில் தப்பில்லை. 35 எடுத்தால் பாஸ் என்றுதான் ஊரே சொல்கிறது. ஆனால் எழுத்துத் தேர்வில் 70க்குக் குறைந்தது 15 எடுத்தே ஆக வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. இன்டர்னல் என்கிற அகமதிப்பீட்டின் 10இல் 2 மதிப்பெண் வருகைக்கு, 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் 2, 75இலிருந்து 80க்குள் இருந்தால் 1 என்பதும் தெரியாது. "கல்யாணம், திருவிழான்னு நான்தானே லீவு போட வெச்சேன்" என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நான் 11 வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். இந்த மதிப்பெண் பிரிப்பை எத்தனை அம்மாக்களிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன் என்று யோசித்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். படித்து நான் மாற்றிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.


ஆட்டோ ஓட்டும் அப்பா, மதுரை:

டீச்சர், நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய மகள் பத்தாவதில் 500க்கு 431. கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாள். பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போனோம். நல்ல கூட்டம். மேஜையில் இருந்தவர் "எந்த குரூப்?" என்றார். "கம்ப்யூட்டர் குரூப் சார்" என்றேன். ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். மொத்தம் 2 நிமிடம் ஆகியிருக்கும்.

அவள் சேர்ந்தது வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், அதோடு கணினிப் பயன்பாடுகள். கணினி அறிவியல் என்பது வேறு, அது கணிதம், இயற்பியல், வேதியியலோடு வருவது என்று எனக்குத் தெரியாது. மகளுக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது இடம் எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். வீட்டில் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று 2 வருடமும் சொல்லவே இல்லை. பிளஸ் டூ முடிந்து பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த தம்பிதான் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல மேத்ஸ் இல்லையே" என்றான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். வகுப்பில் முதல் ஆள். ஆனாலும் அந்த 2 நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறு வருடம் இளையவள் சேர்க்கைக்குப் போனபோது தலைமை ஆசிரியரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லி முழுதாகக் கேட்டார். அந்த வாரமே பள்ளி வாசலில் பெரிய தாள் ஒட்டினார்கள். எந்த குரூப்பில் என்னென்ன பாடம், அதை முடித்தால் எதற்கெல்லாம் போகலாம், எதற்குப் போக முடியாது என்று தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. தொழிற்பிரிவு படித்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனி இடம் உண்டு என்பதை அந்தத் தாளில்தான் படித்தேன். "போக முடியாது" என்று எழுதியிருந்தது பாருங்கள், அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் வந்ததும் அதைப் போனில் படம் எடுத்து ஸ்டாண்டில் எல்லாருக்கும் காட்டுகிறேன்.


கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன்:

இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

நான் படித்தது தனியார் பள்ளி. வரவில்லை என்றால் அப்பா போனுக்கு எஸ்எம்எஸ் போகும். ஆங்கிலத்தில்தான் போகும். அப்பா கொத்தனார், தமிழ் படிப்பார், ஆங்கிலம் வராது. போனை என்னிடம் கொடுத்து "என்னன்னு பாருடா" என்பார். நான் வகுப்பைக் கட் அடித்த நாளில், "நாளைக்கு லேட்டா வரணுமாம்ப்பா" என்று ஏதாவது சொல்லிவிட்டு அழித்துவிடுவேன். பதினொன்றாவதில் பாதி வருடம் இப்படிப் போனது. என்னைப் பற்றிய செய்தியை அப்பாவுக்குப் படித்துச் சொல்லும் ஆளாக என்னையே வைத்திருந்தார்கள்.

மாட்டிக்கொண்டது எப்படியென்றால், தமிழய்யா எங்கள் தெருவில் வேறு ஒரு வேலையாக வந்தவர் அப்பாவைப் பார்த்து, "பையன் கட்டுரை நல்லா எழுதுறான், ஆனா மாசத்துல பாதி நாள் காணோமே" என்றார். அப்பா அடிக்கவில்லை. "நல்லா எழுதுறானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 12 வருடத்தில் பள்ளியிலிருந்து என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அதற்கப்புறம் எனக்கு வகுப்பைக் கட் அடிக்க மனம் வரவில்லை.


ஒரு அம்மா, ஈரோடு:

தம்பி எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் செயலி எல்லாம் உண்டு. கட்டணத் தேதி, ஹோம்வொர்க், மார்க் எல்லாம் வரும். ஆனால் பள்ளி எண்ணிலிருந்து போன் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், புகாருக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் ஒருநாள் கணக்கு மிஸ் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லைங்க, இன்னைக்கு ஒரு கணக்கைப் போர்டுல வந்து அவனாவே போட்டான், சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அந்த மிஸ் எது சொன்னாலும் நாங்கள் மறுபேச்சுப் பேசியதில்லை.


பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்:

கிராமத்தில் செய்தி வராமல் போவதைவிட அரைகுறையாக வருவது ஆபத்து. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்றார்கள். 2017-18இல் வந்த தேர்வு அது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? "பதினொண்ணாவதுக்குப் பரீட்சையே கிடையாதாம்." உடனே கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று 3 பையன்கள் வராமல் நின்றுவிட்டார்கள். பொதுத்தேர்வுதான் இல்லை, பள்ளித் தேர்வு உண்டு, இதைப் படிக்காமல் பன்னிரண்டாவது பாடம் ஏறாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். 2 பேர் திரும்பி வந்தார்கள்.

இன்னொரு குடும்பம். மகள் எட்டாவது வரை அரசுப் பள்ளி. ஒன்பதும் பத்தும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்கவைத்தார்கள், பிளஸ் ஒன்னுக்கு மறுபடி அரசுப் பள்ளி. மருத்துவத்திலும் பொறியியல் போன்ற தொழிற்கல்வியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறதே, அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவதில் டிசி வாங்க வந்த அன்று யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெற்றோர் இன்னொரு தடவை யோசித்திருப்பார்கள். பிள்ளை நல்ல கட்-ஆஃப் வைத்திருந்தாள்.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை நடக்கும். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நடப்பது வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குத்தான் தெரிகிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எங்கே வருவார்கள்? அதனால் கூட்டத்தில் பேசியதை 4 வரியாக எழுதி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு கரும்பலகையில் போடுகிறோம். எழுதுவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள். புதுமைப் பெண் திட்டத்தில் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் வரும் என்று எழுதிய மறுநாள், மில்லுக்கு மகளை அனுப்ப அட்வான்ஸ் பேசியிருந்த ஒரு அம்மா குடத்தோடு நின்று என்னைக் கேட்டார், "இது நெசமா?" வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு வரச் சொன்னேன். அந்த மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.


ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்:

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம், இப்ப கனடாவில். மதுரை அண்ணா எழுதினது எங்கட வீட்டுக் கதை மாதிரியே இருந்தது.

என்ர மூத்த மகன் 2015இல் ஒன்பதாம் தரத்துக்குப் போனவன். அதுக்கு முதல் எட்டாம் தரத்திலேயே அகடமிக்கா அப்ளைடா என்று தெரிவு செய்ய வேணும். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த தாளில் 'அப்ளைட்' என்று இருக்க, கையால் செய்து படிக்கிறது, நல்லதுதானே என்று கையெழுத்து வைத்தேன். கணிதத்தில் அந்தப் பாதை பல்கலைக்கழகம் பக்கம் நேராகப் போகாது என்று பத்தாம் தரத்தில்தான் தெரியும். கோடை விடுமுறையில் கூடுதல் பாடம் எடுத்துத்தான் பாதையை மாற்றினவன். பிறகு ஒன்ராறியோவில் 2021இல் ஒன்பதாம் தரக் கணிதத்திலும், அடுத்த வருசம் மற்றப் பாடங்களிலும் அந்தப் பிரிப்பை எடுத்துவிட்டார்கள். என்ர இளையவளுக்கு அந்தக் கவலை இல்லை.

அவளின் வழிகாட்டல் ஆசிரியையிடம் முதல் நாளே சொல்லிப்போட்டேன், எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த ஆள் வேணும் என்று. கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வருவினம் என்றே எனக்கு முதலில் தெரியாது. அந்த அரை மணித்தியாலத்தில்தான் பள்ளிப் படிப்பை முடித்த பட்டயத்துக்கு 30 கிரெடிட் (பாடப் புள்ளி), 40 மணித்தியாலச் சமூகப் பணி, பத்தாம் தரத்தில் எழுத்தறிவுச் சோதனை எல்லாம் வேணும் என்று விளங்கினது. அந்த 40 மணித்தியாலத்தைக் கோயில் அன்னதானத்தில் நின்றே நிறையச் சேர்த்தவள், முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் எடுத்தனாங்கள். மூத்தவன் பன்னிரண்டாம் தரத்தின் கடைசி மாதங்களில் ஓடி ஓடி முடித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்குது.


வகுப்பாசிரியர், திண்டுக்கல் பக்கம்:

எல்லாருடையதையும் 2 தடவை படித்தேன். மதுரை அண்ணன் சொன்ன 'போக முடியாது' பட்டியலை எங்கள் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களிடம் காட்டினேன், இந்த மே மாதத்துக்குத் தயாராகிவிடும். விழுப்புரம் ஐயா, கரும்பலகை யோசனையைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

குழுவில் இப்போது நீளமாகத் தட்டுவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் என் குரலில் பேசி அனுப்புகிறேன், ஒரு பதிவில் ஒரே ஒரு விஷயம். திருப்பூர் அண்ணன் அதைத் தன் அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிக்கவிடுகிறானாம். பட்டன் போன் வீடுகள் 9 இருக்கின்றன, அவற்றுக்கு நானே பேசிவிடுகிறேன். கல்லூரித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, ஒவ்வொரு அழைப்பிலும் அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்கிறேன். சில பிள்ளைகளுக்கு அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒருநாள் முழுக்கத் தேவைப்படுகிறது. அந்த ஒருநாளில் நான் அவர்களைச் சரியாகக் கவனிக்கிறேன்.

மஞ்சள் காமாலை வந்த பிள்ளை தேறிவிட்டாள், ரெக்கார்டையும் முடித்துவிட்டாள். நேற்று இரவு அவள் அம்மாவே அந்தப் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டார். "டீச்சர், நாளைக்கு வேதியியல் பிராக்டிகலாமே. காலைல எத்தனை மணிக்கு அனுப்பட்டும்? சாப்பாடு கட்டிக் குடுக்கணுமா, மத்தியானம் வந்துடுவாளா?"