ஒக்டோபர் 30: இரண்டையும் ஒரே தாளில் போடலாமா?

வாசிகசாலைத் தம்பி:
எங்கள் ஊர் வாசிகசாலை வரும் ஆண்டுக்கு ஒரு நாட்கலண்டர் அடிக்கிறது. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இதே நாளில்' என்று இரண்டு வரி. மற்றத் தாள்கள் எல்லாம் எழுதி முடிந்துவிட்டன. பெப்ரவரி 12க்கு, 1809இல் லிங்கனும் டார்வினும் பிறந்தார்கள் என்று போட்டோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒக்டோபர் 30 வந்ததும் கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் அப்படியே நின்றுவிட்டது.

காரணம் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாள். 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி மக்கள் ஓர் இரவில் ஊரை விட்ட இடப்பெயர்வு. இரண்டையும் போடு என்கிறார் ஒருவர். போட்டால் நான் தந்த காசைத் திருப்பித் தா என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்லுறியள்? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கைதடிக் கிழவன்:
கட்டாயம் போட வேண்டும் தம்பி. போட்டு, பக்கத்தில் 'முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்' என்றும் போட வேண்டும். அவர்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே திகதியில், நமக்கு ஓர் இரவு. இதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?

உலகத்திலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4. சரியாக 50 ஆண்டு கழித்து, 1826 ஜூலை 4 அன்று, அதை எழுதிய ஜெபர்சனும் அவரோடு நின்ற அடம்சும் ஒரே நாளில் செத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மன்றோ, அதுவும் ஜூலை 4. அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஐந்து! ஈரானில் பாம் நகரம் இடிந்தது 2003 டிசம்பர் 26. அடுத்த டிசம்பர் 26தான் நமது கரையில் ஆழிப்பேரலை. நாளுக்கு ஒரு குணம் இருக்கிறது ஐயா.

கணக்குவாத்தி:
கைதடி ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு கணக்கு. ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தால், யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பிள்ளைகள் என்றால் 89 விழுக்காடு. நான் ஒவ்வொரு ஆண்டும் புது வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். பிள்ளைகள் திகதியைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், மூன்றாவது வாங்குக்கு வருமுன்னரே எங்காவது ஒரு 'சேர், எனக்கும்!' கேட்கும். 23 பேரில் சோடிகள் எத்தனை? 253. வகுப்பில் உள்ளவர்களை எண்ணுகிறோம், சோடிகளை எண்ணுவதில்லை. அதனால்தான் வாயைப் பிளக்கிறோம்.

நமது நாட்டில் 40, 50 ஆண்டுகளில் பெரிய துயர நாள்கள் எத்தனை? ஒரு வகுப்பை நிரப்பும். அதில் இரண்டு ஒரே திகதியில் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

பாம் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையை எழுப்பிய சுமத்திரா நிலநடுக்கமும் வேறு வேறு நிலத்தட்டுகளின் உரசல். இடையில் 2004 பெப்ரவரியில் 29 நாள், ஆக 366 நாள் இடைவெளி. பூமிக்கு லீப் ஆண்டு தெரிந்து ஒரு நாள் பொறுத்திருந்ததா? அடம்சுக்கு 90 வயது, ஜெபர்சனுக்கு 83, இருவரும் படுக்கையில். அந்த நாளைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று உயிரைப் பிடித்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. வெளியேற்றத்துக்கும் இடப்பெயர்வுக்கும் அப்படி ஒரு உயிர் இல்லை.

இன்னொன்று. நமது வீட்டில் திவசம் செய்வது திகதிக்கா, திதிக்கா? 1990 ஒக்டோபர் 18 அமாவாசை, ஆகவே 30 வளர்பிறையின் கடைசிப் பகுதி. 1995இல் அமாவாசை ஒக்டோபர் 24, முழுச் சூரிய கிரகணம் வந்த அன்று. 30 அந்த வளர்பிறையின் முதற்பாதி. ஐயர் வைத்துத் திவசம் செய்தால் இரண்டும் ஒரு நாளில் வராது. உங்கள் வினைக்கு இங்கிலீஷ் கலண்டர் மட்டும்தான் தெரியுமா?

கைதடிக் கிழவன்:
நீங்கள் கெட்டிக்காரன் மாஸ்டர், ஆனால் கணக்கால் ஆறுதல் வராது.

செம்மணிவெளி:
கணக்கும் வேண்டாம், வினையும் வேண்டாம். நான் அந்த இரவு நடந்தவள். கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலத்துக்குச் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் போதும். ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு, எட்டு மணிபோலப் புறப்பட்ட நாங்கள் பாலத்தைத் தொட்டது மறுநாள் பகல் பதினொன்றுக்கு. மழை. தண்ணீர் விடாய்க்குக் குடையை மல்லாத்திப் பிடித்து அதில் விழுந்ததைக் குடித்தோம். குடைக் கம்பியின் துரு நாக்கில் ஒட்டியது இன்னும் நினைவிருக்கிறது. என் தங்கைக்கு அப்போது வயது நாலு. 1990இல் அவள் பிறந்தும் இல்லை. அவள் எந்த முற்பகலில் யாருக்கு என்ன செய்தாள், கைதடி ஐயா?

அந்த 'விளையும்' வரியைப் போட்டால் கலண்டரை வாங்க மாட்டேன். ஒரே தாளில் போட்டாலே அந்த அர்த்தம் வந்துவிடும். இரண்டு வரியை அடுத்தடுத்து எழுதினால் வாசிக்கிறவன் நடுவில் 'ஆகவே' போட்டுக்கொள்வான். ஒன்றை வேறு திகதிக்கு நகர்த்துங்கோ. நாங்களே 31ஆம் திகதிதான் பாலம் கடந்தோம்.

சோனகதெரு:
அக்காவின் தங்கையைப் பற்றிச் சொன்னதற்கு என் கை. எங்கட வீட்டிலும் 1995 செய்தியைக் கேட்டு ஒருவரும் 'நல்லா வேணும்' என்று சொல்லவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வானொலிக்குப் பக்கத்தில் இருந்த வாப்பா, 'அந்த மழைக்குள்ளயா' என்று மட்டும் கேட்டார்.

வாப்பா தையல்காரர். 1990இல் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி அறிவித்தபோது கடையில் தைத்து முடித்த காற்சட்டை மூன்று கிடந்தது. எது யாருடையது என்று துண்டுக் கடதாசியில் எழுதி, ஊசியால் குத்தி, அடுத்த கடைத் தமிழரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஒன்றுக்கு மீதிக் கூலி வர வேண்டும் என்பதையும் எழுதினாராம்.

ஆனால் நகர்த்துவதற்கு நான் உடன்பட மாட்டேன். இந்த நாளுக்கு நான் பார்த்த நாட்காட்டிகளில் ஒரு வரிதான் இருக்கும், அது எங்கட வரி இல்லை. கணக்குவாத்தி சொன்ன மாதிரி நாங்களும் ஹிஜ்ரிக் கணக்குக்காரர்தான், அது ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருக்கும். ஆனாலும் இதற்கு மட்டும் வாப்பா இங்கிலீஷ் திகதியைத்தான் வைத்திருந்தார். தற்செயலாகவே இருக்கட்டும். ஒரே நாளில் விழுந்ததால்தான் இந்த இழையில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு திருத்தம். வெளியேற்றம் ஒரே நாள் இல்லை. சாவகச்சேரி முஸ்லிம்களை ஒக்டோபர் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள். மன்னார், முல்லைத்தீவு எல்லாம் சேர்த்து வடக்கில் 75,000 பேர் அளவில். 30 என்பது யாழ்ப்பாண நகரத்தின் திகதி.

கணக்குவாத்தி:
சோனகதெரு நானா சொல்வது சரி. எந்தப் பெரிய சம்பவமும் ஒரு நாளுக்குள் அடங்காது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு நாமே 1981 மே 31 என்றும் ஜூன் 1 என்றும் எழுதுகிறோம். ஓர் இரவு, இரண்டு திகதி, 97,000 அளவில் புத்தகங்கள். இதைவிடக் கூத்து கத்தோலிக்கப் புனிதர் அவிலா தெரேசாவுடையது. 1582 ஒக்டோபர் 4 இரவில் இறந்தார், கலண்டரைத் திருத்தியதால் மறுநாள் ஒக்டோபர் 15. திருநாளை 15இல் வைத்துவிட்டார்கள், ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை.

அப்புறம் நான் என் பக்கத்தைக் கொஞ்சம் மாற்றுகிறேன். பொருத்தம் தற்செயல் என்பதுதான் ஒரே தாளில் போடுவதற்கான காரணம். தற்செயல் என்றால் 'ஆகவே' இல்லை. மறைத்தால்தான் பெரிய மர்மமாகும்.

செம்மணிவெளி:
அப்படியென்றால் எந்தச் சொல்லால்? வினைச்சொல்லைக் காட்டுங்கோ பார்ப்போம்.

வாசிகசாலைத் தம்பி:
இதோ வரைவு:
1990: யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர்.
1995: வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தனர்.

சோனகதெரு:
'வெளியேற்றப்பட்டனர்.' யாரால்? தமிழில் இந்தப் 'பட்டனர்' மிகவும் வசதியான சொல் தம்பி. விடுதலைப் புலிகள் வெளியேற்றினர் என்று எழுதுங்கோ.

கைதடிக் கிழவன்:
அப்படியென்றால் இரண்டாவது வரியிலும் யார் என்று வர வேண்டும். இராணுவம் முன்னேறியதும் வர வேண்டும், ஒலிபெருக்கியில் போகச் சொன்னதும் வர வேண்டும். நாலைந்து இலட்சம் பேர் உல்லாசப் பயணம் போகவில்லை.

செம்மணிவெளி:
முதல்முறையாகக் கைதடி ஐயாவோடு ஒத்துப்போகிறேன். 'இடம்பெயர்ந்தனர்' என்றால் நாங்களாக வீடு மாறின மாதிரி.

வாசிகசாலைத் தம்பி:
சரி, திரும்பவும்:
1990: விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினர்.
1995: இராணுவம் நெருங்க, புலிகளின் அறிவிப்போடு, வலிகாமம் மக்கள் ஓர் இரவில் ஊரை விட்டனர்.
பழமொழி இல்லை. ஆனால் இரண்டு வரிக்குள் அடங்கவில்லை, நாலு வரி ஆகிறது. அச்சகத்தில் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லட்டா?

செம்மணிவெளி:
எழுத்தைச் சின்னதாக்காதே. நல்லநேரம், ராகுகாலம் இரண்டையும் அன்றைக்கு மட்டும் எடுத்துவிடு.

கைதடிக் கிழவன்:
ராகுகாலம் இல்லாத கலண்டரை எவன் வாங்குவான்?

சோனகதெரு:
நான் வாங்குவேன். புத்தளத்துக்கு இரண்டு.