பழைய டோபோ வரைபடத்தில் இருந்த வீடுகள் எங்கே போயின? (ஸ்வெயின் கவுண்டி, வட கரோலினா)

மலைக்காட்டுச் செல்வி:

வணக்கம். நான் சார்லட்டில் இருக்கிறேன். அண்மையில் குடும்பத்தோடு ஸ்மோக்கி மலைப் பக்கம் பிரைசன் சிட்டிக்குப் போயிருந்தோம். ஊரிலிருந்து வடமேற்கே போகும் லேக்வியூ டிரைவ் ஒரு சுரங்கப்பாதையோடு நின்றுவிடுகிறது. சுரங்கத்தைத் தாண்டினால் வெறும் நடைபாதைதான். ஊர்க்காரர்கள் அதை ‘எங்கும் போகாத சாலை’ என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியின் பழைய டோபோ வரைபடங்களை (மேடுபள்ளங்களை உயரக் கோடுகளால் காட்டுபவை) தேடினேன். அமெரிக்க நில ஆய்வு நிறுவனத்தின் (யுஎஸ்ஜிஎஸ்) டோபோவியூ தளத்தில் ‘நோலண்ட் கிரீக்’ என்ற வரைபடத் தாள் பல பதிப்புகளாக இருக்கிறது, இலவசமாகவே இறக்கலாம். ஃபான்டானா அணை கட்டியதால் உருவான ஏரிக்கு முந்தைய தாளில் ஓடை நெடுக வீடுகளைக் குறிக்கும் கருப்புச் சதுரங்கள். ஏரிக்குப் பிந்தைய தாளில் அவை இல்லை. மூழ்கிவிட்டன என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் நீல நிறம் அவ்வளவு மேலே ஏறவே இல்லை. அப்படியானால் அந்த வீடுகள் என்ன ஆயின? ஒரு சதுரத்தின் மேல் சின்னக் கொடி வேறு இருக்கிறது, அது எதற்கு? தாளின் ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் போட்டிருக்கிறார்களே, எதை எடுத்துக்கொள்வது?

நாக்ஸ்வில் அளவையர்:

செல்வி, நீங்கள் கேட்டிருப்பதுதான் அந்தக் கவுண்டியின் முழுக் கதையும். பணிக்காலம் முழுக்க இந்த மலைகளின் தாள்களோடு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். கொடி வைத்த சதுரம் பள்ளிக்கூடம், சிலுவை வைத்தது தேவாலயம். ஆண்டுகளில் வான்படம் எடுத்த ஆண்டையும் களத்தில் போய்ச் சரிபார்த்த ஆண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட ஆண்டு அதற்கு எவ்வளவோ பிந்தியும் இருக்கலாம். பிற்காலப் பதிப்புகளில் ஊதா நிறத்தில் ஏதாவது இருந்தால் அது புதிய வான்படத்தை மட்டும் பார்த்துச் சேர்த்தது. யாரும் நேரில் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் ஊதாவுக்கு நான் கொடுக்கும் நம்பிக்கை குறைவு.

இப்போது வீடுகள். ஏரி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,710 அடி. பழைய தாளில் சமஉயரக் கோடுகளின் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) இடைவெளி 40 அடி என்றால் 1,680 கோடும் 1,720 கோடும் இருக்கும். 1,720 கோட்டை நீலப் பென்சிலால் ஓடைக்குள் நுழைந்து திரும்பும் வரை வரைந்துகொண்டே போங்கள். அதற்குக் கீழே இருப்பவைதான் ஏறக்குறைய மூழ்கியவை. மீதிச் சதுரங்கள் எத்தனை கோட்டுக்கு மேலே நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதன்முறை இதைச் செய்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. தண்ணீர் எட்டவே முடியாத வீடுகள் அவை.

அவற்றைக் காலி செய்ய வைத்தது சாலை. அதே தாளில் ஆற்றின் வடகரையை ஒட்டிப் போகும் சாலையைப் பாருங்கள். அது வட கரோலினா 288, பிரைசன் சிட்டியிலிருந்து டீல்ஸ் கேப் நோக்கிப் போனது. மேலேயிருந்து ஓடையோடு இறங்கி வரும் மண்பாதைகள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் வந்து சேரும். அணை கட்டியபோது அந்தச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. வீடும் வயலும் மேலே பத்திரமாக இருந்தன, ஆனால் கடைக்கோ மருத்துவரிடமோ போக வழி இல்லை.

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (டிவிஏ) 1942 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. போர்க்காலம். விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும். இரவு பகலாக வேலை செய்து 480 அடி உயர அணையை எழுப்பினார்கள், 1944 நவம்பரில் ஏரி நிரம்பத் தொடங்கியது. அந்த நேரத்தில் மலையோரமாகப் புதுச் சாலை போட ஆளும் இல்லை, பொருளும் இல்லை. அதனால் வடகரை நிலத்தையே வாங்கி, சுமார் 44,000 ஏக்கரை ஸ்மோக்கி தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். போர் முடிந்தபின் சாலை போட்டுத் தருவோம் என்று 1943இல் அமெரிக்க மத்திய அரசின் உள்துறை (இன்டீரியர்), டிவிஏ, மாநிலம், ஸ்வெயின் கவுண்டி ஆகிய நால்வரும் ஒப்பந்தம் எழுதினார்கள். நீங்கள் பார்த்த சுரங்கம் அந்த வாக்குறுதியின் மிச்சம். ஏழு மைல் போல ஆனதும் தோண்டிய பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுப்பது தெரிந்தது. 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது, பிறகு தொடரவே இல்லை. 2010இல் சாலைக்குப் பதிலாக கவுண்டிக்கு 5.2 கோடி டாலர் தருவதாக முடிவானது, 2018இல்தான் அந்தக் கணக்கு தீர்ந்தது.

பணம் வந்தது கவுண்டிக்கு. அந்தச் சதுரங்களில் வாழ்ந்தவர்களுக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

அல்மண்ட் அக்கரை:

அளவையர் அண்ணா சொன்னதோடு இன்னொன்று. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘செம்’ என்ற சுருக்கெழுத்தைத் தேடுங்கள். செமட்ரி என்பதைத்தான் அப்படிப் போடுவார்கள். வீடு, பள்ளி, தேவாலயம், மண்பாதை எல்லாம் போன பிறகும் புதிய தாளில் இடுகாடுகள் மட்டும் காட்டுக்கு நடுவில் இருக்கும். ஆளே இல்லாத இடத்தில் இடுகாடு எதற்கு என்று தோன்றும். அங்கே ஊர் இருந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் தாத்தா பாட்டி ஏரியின் வடகரையில் உள்ள ஹேசல் கிரீக் ஓடைப் பக்கத்தவர்கள். கோடையில் அவர்கள் குடும்பம் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போகும். சாலை இல்லாததால் பூங்காத் துறையே படகில் ஏரியைக் கடத்தி அக்கரையில் கொண்டு போய் விடும். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார்கள். மண்ணைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பாட்டுப் பாடி, கொண்டுபோன சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். நம் ஊரில் குலதெய்வம் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் கூடுவது போலவே இருந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் என்னிடமிருந்த பழைய தாளின் நகலை வாங்கி, பிராக்டர் ஊரில் மரஅறுவை ஆலை நின்ற இடம் எது, யார் வீடு எது என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். தாளில் பெயர் எதுவும் இல்லை, அவருக்கு எல்லாப் பெயரும் தெரிந்திருந்தது. அதனால் தாளை நகலெடுத்து எடுத்துப் போங்கள், பேனாவும் எடுத்துப் போங்கள். இப்படிச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மலைக்காட்டுச் செல்வி:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு 1,720 கோட்டை வரைந்து பார்த்தேன். கொடி வைத்த பள்ளிக்கூடம் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கிறது! மண்பாதை கீழே இறங்கி 288ஐத் தொடும் இடம் நீலத்துக்குள். அண்ணா சொன்னது அப்படியே கண்முன்னே தெரிந்தது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தப் பிள்ளைகள் அப்புறம் எங்கே படித்தார்கள்?” என்று கேட்டாள். அதைத்தான் இப்போது தேட வேண்டும். அந்த வீட்டுக்காரர்களின் பெயர் எங்கே கிடைக்கும்? இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்க எளிய வழி உண்டா?

கோட்டு எலி:

இரண்டாவது கேள்விக்கு நான். டோபோவியூவில் ஜியோடிஃப் (இடக்குறிப்பும் சேர்ந்த படக்கோப்பு) வடிவத்தை இறக்குங்கள், சாதாரணப் படக்கோப்பு வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்தால் தானாகவே இடத்தில் உட்காரும். மேலே இருப்பதன் ஒளிபுகும் அளவைக் கூட்டிக் குறைத்தால் சாலையும் ஏரியும் மாறி மாறித் தெரியும். பழைய மரம் வெட்டும் ரயில் பாதைகளையும் பிடிக்கலாம். நடைபாதை ஒன்று கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் மெதுவாக, ஒரே சீராக ஏறினால் அதைச் சந்தேகப்படுங்கள். ஹேசல் கிரீக் நடைபாதை அப்படி ஒரு ரயில் தடத்தின் மேல்தான் போகிறது. நேரில் போனால் புகைபோக்கிக் கற்கள், துருப்பிடித்த கார் என்று ஏதாவது கண்ணில் படும். தேசியப் பூங்கா என்பதால் எதையும் எடுத்துவரக் கூடாது.

நாக்ஸ்வில் அளவையர்:

பெயர்களுக்கு மூன்று வழிகள். 1940 சென்சஸ் படிவங்கள் பொதுவில் இருக்கின்றன, ஸ்வெயின் கவுண்டியைத் தேர்ந்தெடுத்து டவுன்ஷிப் வாரியாகப் பாருங்கள். கணக்கெடுத்தவர் ஓடையோரமாக வீடு வீடாகப் போயிருப்பதால், பட்டியலின் வரிசையும் தாளில் சதுரங்களின் வரிசையும் பல இடங்களில் பொருந்தும். அடுத்தது பிரைசன் சிட்டியில் உள்ள கவுண்டி பத்திரப் பதிவகம், டிவிஏ வாங்கிய நிலங்களின் பத்திரங்கள் அங்கே. மூன்றாவது, இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி டிவிஏ ஊழியர்கள் எழுதி வைத்த கோப்புகள். அவை அட்லாண்டா தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று உங்கள் மகள் கேட்டதற்கு விடை இருக்குமானால் அதில்தான் இருக்கும். காப்பகத்துக்கு எழுதும்போது கவுண்டி, ஓடை, ஃபான்டானா திட்டம் மூன்றையும் குறிப்பிடுங்கள். முதலில் சென்சஸிலிருந்து அந்த ஓடைக்குரிய பக்கங்களைக் கண்டுபிடித்துப் பக்க எண்ணை இங்கே போடுங்கள், சதுரங்களோடு சேர்ந்து பொருத்திப் பார்க்கலாம்.