டெஸ்டிங் டீம் கிடையாது, ரிலீஸ் டீமும் கிடையாது: ஜெர்மனிக்கு வந்த வேலூர்க்காரங்களுக்கு

கேள்வி (காட்பாடி, இப்போ ஸ்டுட்கார்ட்)

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். சென்னையில சர்வீஸ் கம்பெனியில ஜாவா. இங்க ப்ராடக்ட் கம்பெனி. மெர்ஜ் பண்ணா (எழுதின கோட் மெயின் பிராஞ்ச்ல சேர்ந்தா) நேரா கஸ்டமர் பயன்படுத்துற ப்ரொடக்‌ஷனுக்கே போயிடுதுன்றாங்க. நடுவுல பார்க்க ஆளே இல்ல. ப்ரொபேஷன் ஆறு மாசம். முதல்ல எதைப் புடிக்கணும்?

பதில் (ராணிப்பேட்டை, இப்போ மியூனிக்)

தம்பி, கோட் எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், பைப்லைன் (டெஸ்ட், பில்ட், டெப்ளாய் எல்லாத்தையும் தானா ஓட்டுறது) ஃபைலை முதல்ல தொற. கிட்லேப்னா சிஐ யாம்ல் ஃபைல், கிட்ஹப்னா வொர்க்ஃப்ளோஸ் ஃபோல்டர், ஜென்கின்ஸ்னா ஜென்கின்ஸ்ஃபைல். எந்தெந்த செக் பச்சையானா மெர்ஜ் பட்டன் தொறக்குதுன்னு பாரு. எந்த ஜாப் நேரத்தைத் தின்னுதுன்னு பாரு. ப்ரொடக்‌ஷன் ஜாபைத் தொடங்குறது ஆளா, மெர்ஜா, இல்ல டேகான்னு (ஒரு கமிட்டுக்கு ஒட்டுற பேரு) பாரு. இந்த மூணுக்கும் பதில் தெரியாம முதல் மெர்ஜ் வேணாம்.

ஆள் இல்லன்னு நினைக்காத, வேலையைப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஆம்பூர் தோல் ஷாப்ல வெட் ப்ளூவிலேயே (குரோம் போட்டுப் பதப்படுத்தின ஈரத்தோல்) தரம் பிரிச்சுடுவாங்க, ஷூ தைக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. இங்கயும் அதே கணக்கு. சீக்கிரம் முடியுற சோதனை முன்னாடி: ஃபார்மேட், லிண்ட் (கோட் எழுதின விதத்துல தப்பு தேடுறது), யூனிட் டெஸ்ட். அப்புறம் பில்ட், டிபென்டென்சி ஸ்கேன் (வெளி லைப்ரரியில ஓட்டை தேடுறது), டேட்டாபேஸோட இன்டகிரேஷன் டெஸ்ட். கடைசியா ஸ்டேஜிங்ல (நிஜ சிஸ்டம் மாதிரியே இருக்கிற சோதனை எடம்) ஸ்மோக் டெஸ்ட் (முக்கியமானது ஓடுதான்னு மேலோட்டமா பார்க்கிறது). லிண்ட் தப்பு 20வது நிமிஷத்துல தெரியுதுன்னா வரிசை தப்பா இருக்குன்னு அர்த்தம்.

மெர்ஜுக்கு முன்னாடி ஓடுறது 10 நிமிஷத்துக்குள்ள முடியணும். அதுக்கு மேல போச்சுன்னா ஜனங்க வேற வேலைக்குப் போயிடுவாங்க, நாலு மாற்றத்தை ஒண்ணா சேர்த்துத் தள்ளுவாங்க, உடைஞ்சா எது உடைச்சதுன்னு தெரியாது. முதல்ல கேஷைப் (டவுன்லோடு பண்ணதை அடுத்த தடவைக்குச் சேர்த்து வைக்கிறது) பாரு. அதோட கீ லாக் ஃபைலோட (லைப்ரரி வெர்ஷன் எல்லாம் எழுதி வெச்ச ஃபைல்) ஹாஷ்ல இருந்து வரணும். கீயில தேதியோ கமிட் நம்பரோ இருந்தா கேஷ் பெரும்பாலும் பொருந்தாது, எல்லாம் மறுபடி டவுன்லோடு ஆகும். நோட் ப்ராஜெக்ட்னா பைப்லைன்ல என்பிஎம் இன்ஸ்டால் போடாத, என்பிஎம் சிஐ போடு. அது லாக் ஃபைலை மாத்தாது, பொருந்தலைன்னா அங்கேயே நிக்கும். டாக்கர் பேஸ் இமேஜுக்கு (உன் ஆப்பைக் கட்டுற அடிப்படைப் பொட்டலம்) லேட்டஸ்ட்னு எழுதாத, வெர்ஷன் எழுது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல நீயா டைம்அவுட் வைக்கலைன்னா ஒரு ஜாப் 360 நிமிஷம் வரைக்கும் தொங்கும். 15னு வை.

பில்ட் ஒரே தடவைதான். ஸ்டேஜிங்ல சோதிச்ச அதே இமேஜ்தான் ப்ரொடக்‌ஷனுக்குப் போகணும், செட்டிங்ஸ் மட்டும் வெளியில இருந்து வரணும். ரெண்டு எடத்துக்கும் தனித்தனியா பில்ட் பண்ணா நீ சோதிச்சது ஒண்ணு, ஓடுறது ஒண்ணு.

முதல் மாசம் உன் மெர்ஜ் ரிக்வெஸ்ட் 200 வரிக்குள்ள இருக்கட்டும். நம்ம ஊர்ல ரெண்டு வாரம் எழுதின கோட் எல்லாத்தையும் மொத்தமா குடுத்துப் பழகிட்டோம். இங்க அப்படிக் குடுத்தா ரிவ்யூ பண்றவர் மேலோட்டமா பார்த்துட்டு ஓகே போடுவார், இல்ல மூணு நாள் தொடமாட்டார். ரெண்டுமே உனக்கு நல்லதில்ல.

பதில் (ஆம்பூர், இப்போ பெர்லின்)

அண்ணா சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, நம்ம ஊர்க்காரங்க அடிக்கடி விழுற குழி: நேரம். நமக்குக் கோடைகால நேரம்னு ஒண்ணு பழக்கமே இல்ல. இங்க மார்ச் கடைசி ஞாயிறு ராத்திரி 2 மணி நேரா 3 மணி ஆயிடும், அக்டோபர் கடைசி ஞாயிறு 3 மணி திரும்ப 2 ஆகும். பெர்லின் நேரத்துல 2:30க்கு ஒரு ஜாப் வெச்சா, டூலைப் பொறுத்து மார்ச்ல விட்டுப்போகும் இல்ல தள்ளி ஓடும். அக்டோபர்ல ரெண்டு தடவை ஓடலாம். பில்லிங் ஜாப்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஷெட்யூலை யுடிசியில (கோடைகால மாற்றம் இல்லாத உலகப் பொது நேரம்) வைங்க, இல்ல 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல எதையும் வைக்காதீங்க.

சென்னை டீமோட வேலை செய்றவங்களுக்கும் இதேதான்: வித்தியாசம் கோடையில மூன்றரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை. அவங்க சாயங்காலம் கிளம்புற நேரத்துல பைப்லைனை சிவப்பா விட்டுட்டா மறுநாள் காலைல அவங்க முழு டீமும் நிக்கும்.

டெஸ்ட்லயும் இது வரும். ரன்னர் (பைப்லைன் ஓடுற மெஷின்) பெரும்பாலும் யுடிசி, உங்க லேப்டாப் பெர்லின். இன்னைக்குத் தேதி எடுக்க லோக்கல்டேட் நவ்னு எழுதின டெஸ்ட் பகல்ல பாஸ் ஆகும், கோடையில ராத்திரி 12ல இருந்து 2 வரைக்கும் ஃபெயில் ஆகும். ஏன்னா யுடிசியில இன்னும் முந்தின நாள். ப்ரோகிராமுக்குள்ள ஜாவா கிளாக்கை வெளியில இருந்து குடுங்க, டெஸ்ட்ல நிலையான கிளாக் வைங்க. அதே மாதிரி ஜெர்மன் லொக்கேல் (மொழி, நாட்டு செட்டிங்) இருக்கிற மெஷின்ல ஸ்ட்ரிங் ஃபார்மேட் 3.14ஐ 3,14னு எழுதும். லொக்கேலை நீங்களே குடுங்க. இந்த மாதிரி டெஸ்ட்டை "ரீரன் போட்டா போயிடும்"னு விடாதீங்க. ரீரன் பழக்கம் வந்துட்டா நிஜமா உடைஞ்சப்பவும் யாரும் நம்ப மாட்டாங்க.

பதில் (குடியாத்தம், இப்போ ஹாம்பர்க்)

டெப்ளாய் (புது வெர்ஷனை ஓட விடுறது) சமயத்துல பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் கொஞ்ச நேரம் ஒண்ணாதான் ஓடும். டேட்டாபேஸ்ல அடிபடுறது இங்கதான். டேபிள் காலம்ன் (நெடுவரிசை) பேரை ஒரே ரிலீஸ்ல மாத்தினா பழைய வெர்ஷன் பழைய பேரைத் தேடி விழும், ரோல்பேக்கும் (முந்தின வெர்ஷனுக்குத் திரும்புறது) உதவாது. புது காலம்னை முதல்ல காலியா (நல்) இருக்க அனுமதிச்சு சேர்க்கணும், நாட் நல் இப்போ வேணாம். அடுத்து கோட் ரெண்டுலயும் எழுதணும். அப்புறம் பழைய ரோவை சின்னச் சின்ன தொகுப்பா நிரப்பணும், ஒரே அப்டேட்ல போட்டா ரோ எல்லாம் ரொம்ப நேரம் பூட்டி நிக்கும். படிக்கிறதையும் எழுதுறதையும் புதுசுக்கு மட்டும் மாத்தினதுக்கு அப்புறம் தனி ரிலீஸ்ல பழையதை எடுக்கணும். இழுபறியாதான் தெரியும், ஆனா பழையதை எடுக்குற வரைக்கும் எந்தக் கட்டத்துலயும் பின்னாடி போகலாம்.

பாஸ்வேர்டோ டோக்கனோ தெரியாம கமிட் ஆயிடுச்சா? கமிட்டை அழிச்சுக்கினு உக்காராத. டோக்கனை முதல்ல ரத்து பண்ணி புதுசு எடு, செக்யூரிட்டிக்குச் சொல்லு. ஹிஸ்டரி ஏற்கெனவே யாரோட மெஷினுக்கோ போயிருக்கும். கிட்லீக்ஸை (ரகசியம் தேடுற டூல்) ப்ரீ-கமிட்ல (கமிட்டுக்கு முன்னாடி தானா ஓடுற செக்) மாட்டினா பாதி சிக்கல் உன் லேப்டாப்லயே நிக்கும். கிட்ஹப்ல வெளியாள் எழுதின ரெடிமேட் ஆக்‌ஷனை டேக் வெச்சு எடுக்காத, முழு கமிட் ஹாஷ் வெச்சு எடு. 2025 மார்ச்ல டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்ல இதான் நடந்தது: டேகை வேற கமிட்டுக்குத் திருப்பிட்டாங்க, ரகசியம் எல்லாம் பில்ட் லாக்ல (ஓடினதோட பதிவு) வந்து விழுந்தது. ஹாஷ் வெச்சிருந்தவங்களுக்கு ஓடினது பழைய ப்ரோகிராம்தான்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க. ஒரு ஐடியா. யாரு எத்தனை கமிட், யாரோட பில்ட் எத்தனை தடவை உடைஞ்சதுன்னு ஒரு டேஷ்போர்டு போட்டு மேனேஜர்கிட்ட காட்டலாமா?

பதில் (ராணிப்பேட்டை, இப்போ மியூனிக்)

அய்யய்யோ, வேணாம் தம்பி. பெட்ரீப்ஸ்ராட் (ஊழியர் பிரதிநிதிகள் குழு) இருக்கிற கம்பெனினா, ஊழியரோட நடத்தையையோ உழைப்பையோ கண்காணிக்க உதவுற டூலுக்கு அவங்க சம்மதம் வேணும். அதுக்கான சட்டத்துலயே (BetrVG) 87வது பிரிவுல இருக்கு. ஆள் பேரே இல்லாம டீம் கணக்கு எடு: வாரத்துக்கு எத்தனை டெப்ளாய், கமிட்ல இருந்து ப்ரொடக்‌ஷனுக்கு எவ்வளவு நேரம், எத்தனை டெப்ளாய் உடைஞ்சது, உடைஞ்சதை மீட்க எவ்வளவு நேரம். கேக்குற மேனேஜருக்கு இந்த நாலு போதும். ஆனா அதையும் போடுறதுக்கு முன்னாடி டீம்ல ஒரு வார்த்தை கேட்டுடு.

ப்ரொடக்‌ஷன் டேட்டாவை எடுத்து ஸ்டேஜிங்ல கொட்டுற பழக்கத்தையும் ஊர்லயே விட்டுட்டு வந்துடு. 2018 மே 25ல இருந்து ஜிடிபிஆர் (ஐரோப்பாவோட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) நடைமுறையில இருக்கு. டெஸ்ட் டேட்டாவை உருவாக்குற ஸ்கிரிப்ட் எழுது, அதையே பைப்லைன்ல ஓட விடு.

பதில் (ஆம்பூர், இப்போ பெர்லின்)

ஆன்-கால் (வேலை நேரம் முடிஞ்சும் ஏதாவது உடைஞ்சா கூப்பிடுற முறை) பத்தி யாரும் சொல்லல. இங்க வேலை முடிஞ்சு அடுத்த வேலைக்கு 11 மணி நேரம் ஓய்வு சட்டம் (சில ஒப்பந்தங்கள்ல விலக்கு உண்டு). ராத்திரி 2 மணி வரைக்கும் சரிபண்ணா மறுநாள் மதியம் 1 மணிக்கு முன்னாடி லாகின் பண்ணாதீங்க, பண்ணா பாராட்ட மாட்டாங்க, டீம் லீடுக்குத்தான் சிக்கல். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல டெப்ளாய் வேணாம்னு பைப்லைன்லயே ஒரு விதி போட்டு வைங்க.

இன்னும் வேலூர்லயே இருந்துக்கினு விசாவுக்குக் காத்திருக்கிறவங்க: கிட்ஹப்ல பப்ளிக் ரெப்போவுக்கு ஆக்‌ஷன்ஸ் இலவசம். ஒரு சின்ன ஸ்பிரிங் பூட் ஆப் எடுத்து டெஸ்ட், ஸ்கேன், டாக்கர் இமேஜ் வரைக்கும் நீங்களே கட்டுங்க. அப்புறம் வேணும்னே ஒரு டெஸ்ட்டை உடைச்சு, மெர்ஜ் பட்டன் நிஜமாவே பூட்டுதான்னு பாருங்க. பூட்டலைன்னா மெயின் பிராஞ்ச் செட்டிங்ஸ்ல அந்த செக்கைக் கட்டாயம்னு டிக் பண்ணல.