தொழில்நுட்ப நிறுவன வேலையில் உங்களை நிற்கவைப்பது எது, கிளம்பவைப்பது எது?

தாழ்வாரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். உற்பத்தித் தொழில் சார்ந்த ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அங்கே மென்பொருள் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. அதை எழுதுகிற நாங்கள் பிரின்டர் ஓடாதபோது மட்டும் நினைவுக்கு வருபவர்கள். இப்போது மென்பொருளையே தன் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திலிருந்து வேலைக்கான அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் கூடும் என்பது தெரிந்ததே. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அத்தகைய நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால் குழப்பமே மிஞ்சுகிறது. "இந்தச் சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது" என்று சொன்ன அதே நண்பர், சில நாட்களில் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் தளங்களில் ஐந்து நட்சத்திரக்காரர்களும் ஒற்றை நட்சத்திரக்காரர்களும்தான் எழுதுகிறார்கள். அன்றாடம் வேலைக்குப் போய்வரும் பெரும்பான்மையினரின் குரல் அங்கே கேட்பதில்லை. சம்பளத்தையும் இலவச காபியையும் ஒதுக்கிவிட்டுச் சொல்லுங்கள்: வேலையில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்திருப்பது எது, பொறுக்க முடியாதது எது? சேர்வதற்கு முன்பே அதை ஓரளவு அறிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இரவுப்பணி:

நான் பேக்எண்ட், அதாவது பயனர் கண்ணில் படாமல் சர்வரில் ஓடும் நிரலை, எழுதும் குழுவில் இருக்கிறேன். பிடித்தது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், கோட் ரிவ்யூவை, அதாவது ஒருவர் எழுதிய நிரலைக் குழுவில் மற்றவர்கள் படித்துப் பார்ப்பதை, சொல்வேன். பலருக்கு அது எரிச்சல் தருகிற சடங்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கட்டணம் வசூலிக்கும் ஒரு பகுதியை நான் எழுதிக் கொடுத்தபோது, குழுவில் அனுபவமுள்ள ஒருவர் அதில் ஒரு வரியின் அருகே, "பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து, இதே கோரிக்கை மறுபடி வந்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். வாடிக்கையாளரிடம் ஒரே தொகையை இரண்டு முறை பிடித்திருப்போம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு அழுத்தமாகக் கற்றதில்லை. தன்னைவிடத் தெரிந்தவர்கள் நாள்தோறும் தன் வேலையை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு மிகச் சில தொழில்களில்தான் இருக்கிறது. உங்கள் இப்போதைய இடத்தில் அது இல்லையென்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம்.

பிடிக்காதது ஆன்கால். பழுது வந்தால் உடனே பார்க்க, முறைவைத்து ஒரு வாரம் அலைபேசியும் லேப்டாப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு அலாரம் அடிக்கும். எழுந்து பார்த்தால் சர்வரில் லாக் கோப்புகள் (நிரல் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் குறிப்புகள்) சேர்ந்து டிஸ்க் நிரம்பியிருக்கும். பழையவற்றை அழித்துவிட்டுப் படுத்தால் உறக்கம் வராது. அதைவிடக் கொடுமை, எழுந்து பார்ப்பதற்குள் தானாகவே சரியாகிவிடும் அலாரங்கள். விழித்ததுதான் மிச்சம். எழுப்பப்படுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கோப்புகளைத் தானாக அழிக்கும் ஏற்பாட்டைச் செய்ய அரை நாள் கொடுங்கள் என்று கேட்டால், "இந்த ஸ்பிரிண்டில் (சில வாரங்களுக்கான வேலைத் திட்டத்தில்) இடமில்லை" என்ற பதில் ஒவ்வொரு முறையும் வருவதைத்தான் பொறுக்க முடிவதில்லை. கூகுளில் சேவைகள் தடையின்றி ஓடுவதைக் கவனிக்கும் எஸ்.ஆர்.இ. குழுக்களில் இத்தகைய பராமரிப்பு வேலை ஒருவருடைய நேரத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மீதி நேரம் அந்த வேலையையே குறைக்கும் பொறியியலுக்கு என்று வரம்பு வைத்திருந்தார்கள். அந்த எண்ணை எல்லாரும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஏதாவது ஒரு வரம்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

பழைய மேலாளர்:

நான் மேசையின் மறுபக்கத்தில் அதிக நாள் இருந்தவன் என்பதால், ஊழியர்களின் வேலையை மதிப்பிடும் அப்ரைசலைப் பற்றி எழுதுகிறேன். வேலையை விட்டுச் செல்பவர்கள் சம்பளத்தைக் காரணமாகச் சொன்னாலும், சற்று நேரம் பேசவிட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும்.

ஊழியர்களை வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பவர்களை வெளியேற்றும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அதன் அன்றைய தலைவர் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்தினார்: மேலே 20 விழுக்காடு, நடுவில் 70, கீழே 10. தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டால், திறமையானவர்கள் திறமையானவர்களோடு சேர்ந்து வேலை செய்யவே தயங்குவார்கள் என்பது அந்த முறையின் மீது வைக்கப்பட்ட முக்கியமான குறை. ஆனால் பெயர் போனாலும் வழக்கம் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. மேலாளர்கள் ஓர் அறையில் கூடி ரேட்டிங்குகளை "சமன்படுத்தும்" கூட்டம் இன்றும் பல இடங்களில் நடக்கிறது. திரையில் ஒரு பட்டியல் ஓடும். ஒவ்வொரு பெயருக்கும் சில நிமிடங்கள். அந்த அறையில் ஊழியர் இருப்பதில்லை. அவருக்காகப் பேசும் மேலாளர்தான் இருப்பார். வாதாடத் தெரிந்த மேலாளரின் குழுவினர் ஒரு படி மேலே போவார்கள், கூச்ச சுபாவமுள்ள மேலாளரின் குழுவினர் ஒரு படி கீழே வருவார்கள். நானே இந்த வேலையைத் திறம்படச் செய்திருக்கிறேன், ஆகவே இதை வியப்பாகச் சொல்லவில்லை.

இரவுப்பணி அவர்களின் டிஸ்க் விவகாரத்துக்கும் இதுவே காரணம். அலாரம் அடிக்காமல் செய்தவரின் வேலை அந்தப் பட்டியலில் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. புதிய வசதி ஒன்றை அறிமுகப்படுத்தியவருக்குக் காட்டுவதற்குப் படம் இருக்கும், எண் இருக்கும். பதவி உயர்வு அவருக்குப் போகும். அவர் வேறு குழுவுக்கும் போய்விடுவார். அவர் எழுதியதைப் பராமரிக்கும் பொறுப்பு, பதவி உயர்வு கிடைக்காதவரின் தலையில் விழும்.

எனவே நேர்காணலில், "இந்தக் குழுவில் கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் எதற்காகப் பெற்றார்?" என்று மேலாளரிடமே கேளுங்கள். பதில் முழுவதும் புது அறிமுகங்களாகவே இருந்தால், நீங்கள் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார் என்று பொருள்.

ஆவணக்காரர்:

இதுவரை எழுதிய இருவரும் நிரல் எழுதும் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். நான் பயனர் கையேடுகளை எழுதுகிறேன்; டெஸ்டிங், சப்போர்ட் பிரிவுகளில் இருப்பவர்களும் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தொழில்நுட்ப நிறுவனம் என்பது ஒரே நிறுவனம் அல்ல. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்கப்படுபவர்களுக்கு ஒன்று, முடிவு எடுத்த பிறகு தகவல் பெறுபவர்களுக்கு வேறொன்று. ரிலீஸ் தேதிக்கு முந்தைய மாலை ஒரு பொத்தானின் பெயரை மாற்றுவார்கள். கையேட்டில் அந்தப் பொத்தான் வரும் ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டையும் நான் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. ஒப்பந்த ஊழியராக இருந்தால் அடையாள அட்டையின் நிறம்கூட வேறாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதே வேலையைச் செய்பவருக்கு இருக்கும் விடுமுறையும் மருத்துவக் காப்பீடும் உங்களுக்கு இருக்காது.

பிடித்தது? கேள்வி கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தலைமைப் பொறுப்பில் இருப்பவரிடமும் "எனக்கு இது புரியவில்லை" என்று நேரடியாகச் செய்தி அனுப்பலாம், பதிலும் வரும். முன்பிருந்த அலுவலகத்தில் அதற்கு மூன்று பேரைத் தாண்ட வேண்டியிருந்தது.

தாழ்வாரம்:

மிக்க நன்றி. தொடர்ந்து ஒன்று கேட்கிறேன். சம்பளத்தைக் கேட்கவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன், ஆனால் எனக்கு வந்த கடிதத்தில் கணிசமான பகுதி பங்குகளாக இருக்கிறது. அதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது? ஆட்குறைப்பு அச்சத்தோடு வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதையும் அறிய விரும்புகிறேன். வரம்பில்லா விடுப்பு என்றும் ஒரு வரி அதில் இருக்கிறது.

எண்சுவடி:

பங்கு கையில் வரும்வரை அது சம்பளம் அல்ல. பரவலாக உள்ள ஏற்பாட்டில் நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகப் பங்குகள் உங்கள் பெயருக்கு வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினாலோ விலக்கப்பட்டாலோ ஒன்றுமில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் அவற்றை விற்றுப் பணமாக்கலாம், அன்றைய விலை எதுவோ அதற்கு. பட்டியலிடப்படாத புது நிறுவனம் ஆப்ஷன் (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) கொடுக்கிறது என்றால், வேலையை விட்டபின் எத்தனை நாட்களுக்குள் பணம் கட்டி அவற்றை வாங்க வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல இடங்களில் அது 90 நாட்கள்தான். விற்க வழியில்லாத பங்குக்காகக் கையிலுள்ள சேமிப்பைக் கொட்ட வேண்டும், அல்லது ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட வேண்டும் என்ற நிலை அப்போது வரும். பிடிக்காத வேலையில் பலரும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அடுத்த தவணைப் பங்குதான் காரணம்.

ஆட்குறைப்பைப் பற்றி: 2022 நவம்பரில் மெட்டா 11,000-க்கும் மேற்பட்டவர்களையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஏறத்தாழ 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. மைக்ரோசாஃப்ட் அதே மாதத்தில் 10,000 என்றது. அமேசான் 18,000-க்கும் மேல் என்றது. இவை எவையும் நலிந்த நிறுவனங்கள் அல்ல. தொற்றுக் காலத்தில் தேவை பெருகும் என்று கணக்கிட்டு ஆட்களைச் சேர்த்து, கணக்கு பொய்த்ததும் குறைத்தார்கள். அதன் பிறகு என் அலுவலகத்தில் நான் கவனித்த மாற்றம் என்னவென்றால், முன்பு ஒருவருக்கொருவர் வலியச் சொல்லிக்கொடுத்தவர்கள், தமக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இரவுப்பணி அவர்கள் பாராட்டிய அந்தக் கற்றல் சூழல்தான் முதலில் அடிபடுகிறது. நல்ல ரேட்டிங் ஒருவரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது, ஏனெனில் ஒரு பிரிவையே மூடும்போது யாருடைய ரேட்டிங்கையும் பார்ப்பதில்லை.

வரம்பில்லா விடுப்பு என்பது கேட்க இனிமையாக இருக்கும். எண்ணிக்கை இருந்தால் அது உங்கள் உரிமை. எடுக்காத நாட்களுக்குப் பணம் தரும் நிறுவனமாக இருந்தால் அது சொத்தும்கூட. எண்ணிக்கை இல்லாதபோது ஒவ்வொரு முறையும் அது ஒரு வேண்டுகோளாகிறது, சேர்ந்த விடுப்பு என்று எதுவும் கணக்கில் இருப்பதில்லை. மேலாளர் தாமே நீண்ட விடுப்பில் போகும் பழக்கமுடையவரா என்று விசாரியுங்கள்.

இரவுப்பணி:

எண்சுவடி சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. எங்கள் குழுவில் அப்படி மறைத்துவைக்கும் போக்கு வரவில்லை. காரணம் எங்கள் நற்குணம் அல்ல; ஒருவருக்கு மட்டும் தெரிந்த பகுதி பழுதானால் அவரைத்தான் இரவில் எழுப்புவோம். ஆகவே எல்லாரும் முந்திக்கொண்டு எழுதிவைக்கிறார்கள்.

கூட்டங்களைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. குழுவாக மென்பொருள் உருவாக்கும் ஸ்க்ரம் என்ற முறையின் வழிகாட்டியின்படி தினசரிக் கூட்டம் 15 நிமிடம்தான். அதுவும் வேலை செய்பவர்கள் தமக்குள் அன்றைய திட்டத்தைச் சரிசெய்துகொள்வதற்கு. நடைமுறையில் பல இடங்களில் அது மேலாளருக்கு வருகைப்பதிவு ஒப்பிப்பதாக மாறி முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நிரல் எழுதுபவருக்குத் தடையில்லாத இரண்டு மூன்று மணி நேரம் தேவை. பதினொன்றுக்கு ஒரு கூட்டமும் பன்னிரண்டரைக்கு ஒன்றும் இருந்தால் அந்தக் காலைப்பொழுது போயிற்று.

பழைய மேலாளர்:

அந்த முக்கால் மணி நேரக் கூட்டத்தை நடத்துபவருக்கு மேலே ஒருவர், அன்று மாலையே நிலவரம் கேட்டு அட்டவணை அனுப்பியிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயப்படுத்தவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

தாழ்வாரம் அவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. ஆன்கால் பற்றிய கேள்வியை மனிதவளத் துறையிடம் கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களோடு ஒரே குழுவில் இருக்கப்போகிற ஒருவரிடம் மேலாளர் இல்லாமல் பேச அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். போன முறை அவர் ஆன்காலில் இருந்த வாரம் எத்தனை முறை எழுப்பப்பட்டார், அவற்றில் எத்தனைக்குக் காரணம் கண்டு சரிசெய்தார்கள் என்று கேளுங்கள். முதல் எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது பூஜ்யமாக இருந்தால், எத்தனை பங்குகள் கொடுத்தாலும் நான் சேர மாட்டேன்.